போராவுக்குக் கட்டிய பேனர்

"யாரும் துரத்தலைன்னு எத்தனை தடவை சொல்றது? அவளா வாயத் திறந்தா, அவளா போனா. உன் காதுல என்ன, பூண்டுத் தோலா அடைச்சு வெச்சிருக்க?"

நேற்று ஊர்க்கூடத்தில் நான் போட்ட சத்தம் இது. பூச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்தோங் ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அன்தோங்காரி மட்டும் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு நல்ல கை வந்திருந்தது போல.

"உனக்கு அந்தப் பொண்ணு மேல பாசம்க்கா. வீட்ல வெச்சுச் சோறு போட்டவ நீ. அதுக்காக நடந்தது நடக்காமப் போயிருமா? பொய்க் கணக்கு எழுதிப் பட்டம் வாங்கினா, மாட்டிக்கிட்டா, மலையை விட்டுத் தள்ளிட்டாங்க. எங்க மருமகன் கம்ப்யூட்டர்ல படிச்சுட்டுத்தான் சொன்னான்" என்றாள், சீட்டைப் பார்த்தபடியே.

"உன் மருமகன் கம்ப்யூட்டர்ல படிச்சுட்டு வாங்கின பசு இன்னும் கன்னு போடலியே."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர, என் பேச்சை ஒருத்தியும் நம்பவில்லை. "இருந்தாலும் பேனரெல்லாம் கட்டினோமேக்கா, பக்கத்து ஊர்க்காரங்க என்ன நினைப்பாங்க?" என்று மூலையிலிருந்து ஒரு முனகல் வந்தது. அதுதான் சங்கதி. பொய்யா மெய்யா என்பது இவர்களுக்கு வலிக்கவில்லை. பேனர் வலிக்கிறது.

ஆகையால் எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. வானத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அவள் என் அடுப்படியில் உட்கார்ந்து, எனக்குப் புரிகிறவரை சொன்னது. புரியாத இடத்தில் புரியவில்லை என்றே சொல்லியிருக்கிறேன், அதனால் இதில் கலப்படம் இல்லை.

குவாக் போரா போஹாங் கடற்கரைக்காரி. அப்பா சிறுவயதிலேயே போய்விட்டார். அம்மா அங்கே சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கிறவள், இன்றைக்கும் அதே கல், அதே கத்தி. அந்தக் கடலில் கணவாய் மீன் பிடிக்கிற படகுகள் பெரிய பெரிய விளக்குகளை எரியவிட்டுக்கொண்டு நிற்கும். வெளிச்சத்துக்குக் கணவாய் மேலே வரும். வானம் வெளுத்துக் கிடக்கும். "நட்சத்திரம்னா புத்தகத்துல வரையற சமாச்சாரம்னுதான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன் பாட்டி" என்பாள். ஒரு புயலில் படகு ஒன்றும் போகவில்லை. காற்று அடங்கிய பிறகு, கரண்ட் இல்லாத தெருவில் வந்து நின்றிருக்கிறாள். தலைக்கு மேல் அத்தனையும் கொட்டிக் கிடந்தது. "இத்தனை நாளா இதை யாரு என்கிட்டேருந்து ஒளிச்சு வெச்சாங்கன்னு கோவம் வந்துச்சு" என்று சொன்னாள். மற்றப் பிள்ளைகளுக்கு ஆசை வரும். இவளுக்குக் கோபம் வந்திருக்கிறது. அந்தக் கோபத்திலேயே படித்தாள்.

தேகு நகரத்தில் ஒரு பேராசிரியரிடம் சேர்ந்து பட்டம், மேல்பட்டம், முனைவர் பட்டம் எல்லாம் வாங்கினாள். ஜப்பானில் ஒரு வருஷம் இருந்தாள். பிறகு எங்கள் ஊருக்கு மேலே மலையில் இருக்கிற தொலைநோக்கிக் கூடத்தில் வேலைக்கு வந்து, என் வீட்டு வாசலை ஒட்டின அறையில் குடியேறினாள். முனைவர் என்றால் பெரிய உத்தியோகம் என்று நானும் நினைத்தேன். அதெல்லாம் இல்லை. வேலையை வருஷத்துக்கு வருஷம் நீட்டிப்பார்கள். மழைக்காலம் வந்தால் மலைமேல் கூரையை மூடுவார்கள், அதோடு தவணையும் முடியும், நீட்டிப்பார்களா என்று இவள் நாள் எண்ண ஆரம்பிப்பாள். அது போதாதென்று தேகுவில் கல்லூரி கல்லூரியாகப் போய், மணிக்கூலிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். காலையில் மலையிலிருந்து இறங்கி, என் அடுப்படியில் இரண்டு வாய் சோறு, உடனே பேருந்து. தூக்கமெல்லாம் பேருந்தில்தான். ஒரு தடவை கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், ஓட்டுநர் எழுப்பி, அவர் வாங்கிக் கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டே வகுப்புக்கு ஓடியிருக்கிறாள்.

வகுப்பு இல்லாத நாளில் பகலில் தூங்குவாள். அதுதான் முதல் வம்பு. "படிச்ச பொண்ணு, உச்சி வெயில்ல போர்த்திக்கிட்டுப் படுத்திருக்கு" என்று ஆரம்பித்தவளும் இந்த அன்தோங்காரிதான். அவளுக்கு ஒரு பழைய கோபம் உண்டு. அவள் கீரைப் பந்தலில் ராத்திரியும் விளக்கு எரியும், எரிந்தால்தான் கீரை பூக்காமல் இலை விடும். வெளிச்சம் மலைக்குத் தெரிகிறது, விளக்குக்குக் குல்லா போடுங்கள் என்று கேட்க அந்தக் கூடத்தார் அனுப்பினது போராவை. குல்லாவை அவர்களே வாங்கிக் கொடுத்தார்கள், ஏணியில் ஏறி மாட்டினதும் போராதான். இருந்தாலும் கோபம் கோபம்தானே.

இப்போது நட்சத்திரத்துக்கு வருகிறேன். இது புரியாவிட்டால் மீதி எதுவும் புரியாது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது சிவப்பாக, சின்னதாக ஒரு நட்சத்திரம். வருஷத்துக்கு வருஷம் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமாகிறது என்று அவள் எழுதினாள். ஏன் அப்படி ஆகிறது என்று யாருக்கும் தெரியாது, அதனால் அந்தக் கட்டுரைக்கு நல்ல பெயர். நான் ஒரு நாள் கேட்டேன், "ஏன்டி, இன்னிக்கு மேகம், நாளைக்குப் புழுதி. கூடுதா குறையுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிற?"

"தனியாப் பார்த்தா தெரியாது பாட்டி. பக்கத்துலயே மாறாத ஒண்ணை வெச்சுப் பார்க்கணும். மேகம் வந்தா ரெண்டும் சேர்ந்துதான் மங்கும். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு மட்டும் அளந்தாப் போதும்." அவள் என் சமையலறை வாசற்காலைப் பார்த்தாள். என் பையன்கள் சிறுவர்களாக இருந்தபோது நிறுத்தி வைத்துக் கத்தியால் கீறின கோடுகள் அதில் இருக்கின்றன. "இதோ, நீங்க செஞ்சதுதான். பையன் வளர்ந்தானான்னு இந்தக் கோட்டை வெச்சுத்தானே பார்த்தீங்க? பையன் என் சிவப்பு நட்சத்திரம். வாசக்கால் எங்க ஒப்பு நட்சத்திரம்."

அந்த ஒப்பு நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தது அவள் இல்லை. அவளுடைய பேராசிரியர், தாம் வாலிபனாக இருந்தபோது பொறுக்கி எடுத்தது. அவரிடம் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டாம். சேருகிற நாளில் திரையில் அந்த நட்சத்திரத்தைக் காட்டி, ஒரு கிண்ணம் அரிசிக் கள்ளை ஊற்றி முன்னால் வைத்து, புதிதாக வந்தவர் இடுப்பு வளைய ஒரு கும்பிடு போட வேண்டும். கூடியிருக்கிறவர்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். விளையாட்டுத்தான். ஆனால் போடாமல் யாரும் உள்ளே போனதில்லை. நம் வீட்டில் புது மருமகளை முன்னோருக்கு முன்னால் குனிய வைக்கிறோமே, அந்த மாதிரி. அப்படிக் குனிந்து உள்ளே போன எத்தனையோ பேர் அதைப் பக்கத்தில் வைத்து அளந்தே பட்டம் வாங்கினார்கள். அதையும் ஒரு தடவை அளந்து பார்ப்போம் என்று எவருக்கும் தோன்றவில்லை. முன்னோரை யார் தராசில் வைப்பார்கள்?

போன வசந்தத்தில் நல்ல காலம் பிறந்தது. அவள் பாடம் சொல்லிக் கொடுத்த கல்லூரிகளில் ஒன்றில் நிரந்தர வேலை. அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். நேர்முகம் முடிந்தது, இவள் பெயர் முதலில். மேலிடத்து முத்திரை ஒன்றுதான் பாக்கி, செப்டம்பரில் சேரலாம் என்றார்கள். என்னிடம் மட்டும்தான் சொன்னாள். நான் என் பெரிய வாயால் ஊர்க்கூடத்தில் சொன்னேன். மறுநாள் ஊர்த்தலைவன் தேபொங் பேனர் அடித்துக்கொண்டு வந்துவிட்டான்.

"ஐயையோ, இன்னும் முத்திரை விழலைங்க" என்று போரா அவன் கையைப் பிடித்தாள்.

"அட நீ சும்மா இரும்மா. பக்கத்து ஊர்ல ஒருத்தன் பையன் போலீஸ்ல சேர்ந்ததுக்கே இருபது முழத்துக்குக் கட்டியிருக்கான். நம்ம ஊர்ல ஒரு பேராசிரியை, நாம வாயைப் பொத்திக்கிட்டு உட்காரணுமா?"

"நான் இந்த ஊரே இல்லைங்களே."

"நம்ம ஊர்ச் சோத்தைத் தின்னியா இல்லையா? அப்புறம் என்ன!"

ஊர் எல்லையில் இருக்கிற பெரிய மரத்துக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவில் கட்டியே விட்டான். சிவப்பு எழுத்து. அதில் எது அவள் பெயர் என்று எனக்கு விரலால் தொட்டுக் காட்டினாள், வெட்கப்பட்டுக்கொண்டே. அம்மாவுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினாள். அந்த அம்மா மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை நீட்டுகிறாளாம். "அம்மா இப்பல்லாம் மீனை விட என்னைத்தான் நிறைய விக்கிறாங்க" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

பூண்டுத் தண்டு உருவுகிற நேரம். காலையில் நான் தோட்டத்திலிருந்து வரும்போது வாசலில் ஒரு வாலிபன் வேர்த்துக்கொண்டு நின்றான்.

"வாத்தியாரம்மா இருக்காங்களா?"

"தூங்குறா. நீ யாருப்பா, கல்யாணத் தரகனா?"

"அவங்க மாணவன் பாட்டி. பேரு கியூமின். மார்க் விஷயமாப் பேசணும்."

பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த பையன். மின்சாரப் படிப்புப் படிக்கிறான். சுலபமாக இருக்கும் என்று வானப் பாடத்தையும் எடுத்திருக்கிறான். மார்க் குறைந்தால் அவன் உதவித்தொகை போய்விடும், அதற்காகப் பேருந்து மாறி மாறி எங்கள் மலையடிவாரம் வரை வந்துவிட்டான். போரா கலைந்த தலையோடு எழுந்து வந்தாள். இரண்டு பேருக்கும் உருளைக்கிழங்கு அவித்து வைத்தேன். அவள் தன் நட்சத்திரப் படங்களையே வகுப்புக்குக் கொடுத்து அளந்து வரச் சொல்லியிருந்தாள், பேச்சு அதைப் பற்றித்தான். என் காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

"எல்லாருக்கும் முழு மார்க், எனக்கு மட்டும் முட்டை. நான் என்ன தப்பா அளந்தேன்?"

"விடையே தப்பு கியூமின். அந்தச் சிவப்பு நட்சத்திரம் வருஷா வருஷம் ஏறணும். உனக்கு ஏறவே இல்லை, நேரா நிக்குது."

"விடையைப் பார்த்துட்டு அளக்கக் கூடாது, வந்ததை எழுதுன்னு சொன்னது நீங்கதானே? வந்ததை எழுதினேன்."

"சரி, எதை ஒப்பு நட்சத்திரமா வெச்ச?"

அவன் மடிக்கணினியைத் திறந்து காட்டினான். போரா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அட மண்டு, இது இல்லை. நான் சொன்னது இதுக்குப் பக்கத்துல இருக்கறது. மாத்தி அமுக்கியிருக்க."

பையன் தலையைச் சொறிந்தான். "பேருந்துல வெச்சுச் செஞ்சேன், கை ஆடியிருக்கும்." ஒரு கிழங்கை உரித்து வாயில் போட்டுக்கொண்டான். அப்புறம் விடவில்லை. "ஆனா நான் வெச்சதும் ஒரு நட்சத்திரம்தானே? என்னோடதை வெச்சா நேரா நிக்குது, உங்களோடதை வெச்சா ஏறுது. ரெண்டுல எது ஆடுதுன்னு எப்படித் தெரியும்?"

"நாங்க வெச்சிருக்கறது ஆடாது."

"யாரு பார்த்தாங்க?"

போரா வாயைத் திறந்தாள். கிழங்கு தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது, "நீ இப்பப் போ, நான் பார்த்துச் சொல்றேன்" என்று அவனை அனுப்பிக்கொண்டிருந்தாள். முகம் கஞ்சி வடித்த தண்ணீர் மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் அறைக் கதவு சாத்தியே கிடந்தது. மலைக்கும் போகவில்லை. பழைய படங்கள் எல்லாம் அவளுடைய கணினியிலேயே இருந்தன, பேராசிரியர் வாலிபத்தில் எடுத்தது முதல். வைத்த சோறு வைத்தபடி இருந்தது. ஒரு நாள் மத்தியானம் அடுப்படிக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"வாசக்கால் இறங்கிருச்சு பாட்டி."

நான் பதறிப்போய் என் வாசற்காலைத் தட்டிப் பார்த்தேன். போன மழையிலேயே கொஞ்சம் சாய்ந்திருந்தது அது.

"உங்களோடது இல்லை. எங்களோடது. பையன் வளரவே இல்லை. வாசக்கால்தான் மண்ணுக்குள்ள இறங்கிட்டிருந்திருக்கு. கோடு கீழ போகப் போக, பையன் வளர்ற மாதிரி தெரிஞ்சிருக்கு." அவர்களுடைய ஒப்பு நட்சத்திரம், அந்தக் கும்பிடு வாங்கின நட்சத்திரம், மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு வந்திருக்கிறது. சுற்றியிருந்த மற்ற எல்லாவற்றோடும் வைத்துப் பார்த்துவிட்டாளாம். சந்தேகமே இல்லை. சிவப்பு நட்சத்திரம் பாட்டுக்கு இருந்த இடத்தில் இருந்தபடி இருக்கிறது. அவள் கட்டுரை மட்டும்தான் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

இதில் பொய்க் கணக்கு எங்கே இருக்கிறது, அன்தோங்காரியைக் கேளுங்கள். நம்பி ஏமாந்தவள் கள்ளியா?

அவள் தேகுவுக்குப் போய்ப் பேராசிரியரைப் பார்த்தாள். சாயங்காலம் திரும்பி வந்தாள்.

"திட்டினாரா?"

"திட்டலை பாட்டி. திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும். காப்பி வாங்கிக் கொடுத்தார். படத்தையெல்லாம் ரொம்ப நேரம் பார்த்தார். சரியாத்தான் இருக்குன்னார். அப்புறம், செப்டம்பர் வரைக்கும் பொறுன்னார். நான் உள்ள போனப்புறம் ரெண்டு பேருமாச் சேர்ந்து நிதானமாத் திருத்திக்கலாமாம். இப்பச் சொன்னா நானும் போவேன், எனக்கு முன்னாடி படிச்சவங்க தலையும் உருளுமாம்."

"அந்த மார்க்குப் பையன்?"

"வேற ஏதாவது காரணம் சொல்லி அவனுக்கு மார்க்கைப் போட்டுருன்னார்."

நானும் பேராசிரியர் கட்சிதான். அதைச் சொல்ல எனக்கென்ன பயம்? முள்ளங்கி நறுக்கிக்கொண்டே அவளோடு சண்டை போட்டேன்.

"செப்டம்பர் என்னடி செப்டம்பர், மிளகாய் காயற நேரம். இதோன்னா வந்துரும். உள்ள போய் உட்கார்ந்துக்கிட்டு அப்புறமா உன் நியாயத்தையெல்லாம் பேசேன்."

"அதுவரைக்கும் வகுப்புல நான் என்ன சொல்லிக் கொடுக்கறது?"

"வானத்துல வேற நட்சத்திரத்துக்கா பஞ்சம்?"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆயிற்று. "அவனைத் தவிர மத்த எல்லாருக்கும் நான் தப்பான விடைக்கு முழு மார்க் கொடுத்திருக்கேன் பாட்டி. அவங்க எல்லாம் அதைச் சரின்னு நினைச்சுக்கிட்டுத் திரியறாங்க. அந்தக் கல்லூரியில என் பேரை முதல்ல போட்டதும் இதே விடைக்குத்தான். தெரியாம அங்க போய் உட்கார்ந்திருந்தா வேற. இப்பத் தெரிஞ்சு போச்சே."

"நாற்காலிக்கு என்னடி தெரியும்?"

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முள்ளங்கிக்கு உப்புப் போட்டுப் பிசைந்தாள், அது கூழாகிறவரை. அந்தக் கிம்ச்சி ஊறுகாயைக் கடைசிவரை வாயில் வைக்க முடியவில்லை.

இன்றைக்கும் நான் சொன்னது தப்பென்று ஒத்துக்கொள்ள மாட்டேன். மழையில் முதலில் கூரைக்குக் கீழே ஒதுங்கு, அப்புறம் துணியைப் பிழி. அதுதான் புத்தி. அவளுக்கு அந்தப் புத்தி இல்லை. ஆனால் புத்தி இல்லாதவள் என்று நான் சொல்லலாம். திருடி என்று வேறொருத்தி சொல்லக் கூடாது.

கட்டுரை போட்ட பத்திரிகைக்கு, அது செல்லாது என்று அவளே சொல்லி அனுப்பினாள். பிறகு கடைசி வகுப்பில் பிள்ளைகள் முன்னால் நின்று, ஒப்பு நட்சத்திரம் மங்குகிற படத்தைத் திரையில் காட்டினாள். கியூமினை எழுப்பி நிற்க வைத்து, இவன் கை தவறித்தான் அமுக்கினான், ஆனால் இவன் கேட்ட கேள்வியை நான் பல வருஷமாகக் கேட்கவில்லை என்றாளாம். ஒரு பெண் கையைத் தூக்கியிருக்கிறாள்.

"அப்ப எங்க எல்லாருக்கும் மார்க் குறைப்பீங்களா?"

"உங்களுக்குக் குறையாது. சொல்லிக் கொடுத்தபடி செஞ்சீங்க. குறைய வேண்டியது எனக்குத்தான்."

"அவன் முகத்தைப் பார்க்கணுமே பாட்டி, ஜெயிச்சவன் மாதிரியே இல்லை. எதையோ உடைச்சிட்டவன் மாதிரி நின்னுட்டிருந்தான்" என்று எனக்குச் சொன்னாள்.

அப்புறம் எல்லாம் வரிசையாக இறங்கியது. கல்லூரியில் முத்திரை விழவில்லை. இந்தத் தடவை யாரையும் எடுக்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். மலைமேல் அவளுடைய தவணை அந்த மழைக்காலத்தோடு முடிகிறது, நீட்டிக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. துரத்தினார்கள் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அங்கே கதவைச் சாத்தினதுமில்லை, உள்ளே வா என்றதுமில்லை.

அவளுக்கு முன்னால் அதே பேராசிரியரிடம் படித்த ஒருவன் கூப்பிட்டான். கைப்பேசியை அவள் காதிலிருந்து தள்ளிப் பிடித்தும், முற்றத்தில் பூண்டு பின்னிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது.

"நாங்க அத்தனை பேரும் குனிஞ்சோம். உனக்கு மட்டும் முதுகு வளையலையா?"

"நானும் குனிஞ்சேன் அண்ணா. குனிஞ்சிருந்ததாலதான் பார்க்கலை."

அவன் வைத்துவிட்டான். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பூண்டு பின்ன ஆரம்பித்தாள். அந்த அண்ணன்தான் ஜப்பான் போகும்போது அவளுக்குக் குளிருக்குக் கோட்டு வாங்கிக் கொடுத்தவனாம்.

ஊருக்குள் சங்கதி பரவியது. ஆனால் பேனர் இறங்கவில்லை. கட்டினவனே அவிழ்த்தால் தோற்றதுபோல் ஆகுமே, தேபொங் அந்தப் பக்கமே போகாமல் ஓடைக்கரை வழியாகச் சுற்றிப் போனான். மற்றவர்கள் அவனைக் கைகாட்டினார்கள். இவள் கடைக்குப் போனாலும் வந்தாலும் தன் பெயருக்குக் கீழேதான் நடக்க வேண்டும். தலையைத் தூக்காமல் நடந்தாள். யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. அவள் வந்தால் பேச்சு நிற்கும், போனதும் தொடங்கும்.

அம்மாவிடம் மட்டும் அவள் இன்னும் சொல்லவில்லை. தினமும் போன் வரும். தினமும், "சாப்பிட்டேம்மா, நல்லாயிருக்கேம்மா." நான் ஒரு நாள் சத்தம் போட்டேன். "ஊருக்கெல்லாம் உண்மையைச் சொல்லிட்டு, பெத்தவகிட்ட மட்டும் ஏன்டி ஒளிக்கிற?"

"போன்ல எப்படிச் சொல்றது பாட்டி? அவங்க கையில எந்நேரமும் கத்தி இருக்கும். நேர்ல போய், கத்தியைக் கீழ வெக்கச் சொல்லிட்டுத்தான் சொல்லணும்."

மழை பிடித்த முதல் நாள் அவள் கிளம்பினாள். காலையிலிருந்தே வானம் கருத்திருந்தது. ஒரு பெட்டி, முதுகில் ஒரு பை. அறையைப் பெருக்கி, தரையை ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தாள். சோயா விழுதுக் குழம்பு வைத்துக் கொடுத்தேன், கிண்ணத்தைக் காலி செய்தாள். அம்மாவுக்கென்று ஒரு கட்டுப் பூண்டைப் பெட்டியின் மேல் கட்டிக் கொடுத்தேன். அங்கே போய் என்ன செய்வாய் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். ஏதாவது டியூஷன் கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்றாள். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, வாசற்காலில் இருந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலைத் தாண்டினவள் திரும்பி நின்றாள். "பாட்டி, அரிவாள் கொடுங்க."

"எதுக்குடி?"

"கொடுங்களேன்."

கொடுத்தேன். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் அரிவாள், சேவகன் மாதிரி முன்னால் நடந்தாள். எனக்கு என்னவோ போலிருந்தது, குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தூறல் ஆரம்பித்துவிட்டது. ஊர் எல்லையில் அன்தோங்காரி ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தாள். பாதையோரம் உலர்த்தப் போட்டிருந்த பூண்டு அத்தனையும் வெளியே கிடந்தது, தார்ப்பாய் பாதிக்குத்தான் எட்டியது. "மருமகன் மழை சாயங்காலம்தான்னு சொன்னானே, கம்ப்யூட்டர்ல பார்த்தேன்னானே!" என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

போரா பெட்டியைக் கீழே வைத்தாள். மரத்துப் பக்கம் இரண்டு வெட்டு, கம்பத்துப் பக்கம் இரண்டு வெட்டு. பேனர் பாதையில் விழுந்தது. ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அத்தை, அந்தப் பக்கம் பிடிங்க."

அன்தோங்காரி அசையாமல் நின்றாள். "இது... உன் பேரு போட்ட துணியாச்சே."

"நல்ல நீளம். பூண்டு நனையுது, பிடிங்க சீக்கிரம்."

பிடித்தாள். இரண்டு பேருமாக விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்தார்கள். எழுத்து மேலே தெரியத்தான் விரிந்தது. திருப்பிப் போட நேரமில்லை. அவள் பெயர் எது என்று எனக்குத் தெரியும், ஓரத்துக் கல்லுக்குப் பக்கத்தில் மழை அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. அன்தோங்காரி நன்றி சொல்கிற பிறவி இல்லை. கையைப் பின்னால் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

"சாப்பிட்டேன் அத்தை."

அரிவாளைச் சட்டைக் கையில் துடைத்து என்னிடம் நீட்டினாள். பேருந்து வளைவில் தெரிந்தது. நான் குடையை அவள் கையில் திணித்தேன், அவள் அதைத் திரும்ப என் கையில் திணித்தாள். பெட்டியைத் தூக்கிப் படியில் வைக்கும்போது கைப்பேசி அடித்தது. பார்த்தாள். பிறகு எடுத்து, "வந்துட்டிருக்கேம்மா" என்றாள். "கத்தியைக் கீழ வெச்சிட்டு இரு."